கொழும்பு விமான நிலையம் கட்டுநாயக்கவிலிருந்து டொரன்டோ: மூன்று இடத்தில் மூன்று தூரம், எது சரி?

நோர்வூட் மலர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அம்மா கனடா போகிறார். அக்கா டொரன்டோவின் ஸ்காபரோவில் இருக்கிறாள், அவளுக்கு இரண்டாவது குழந்தை பிறக்கப் போகிறது. அம்மாவுக்கு 63 வயது. கொழுந்து பறித்தே காலம் போனவர், முழங்கால் இரண்டும் நோவு. இதுவரை பிளேன் ஏறியதில்லை. தனியாகத்தான் போகிறார். அதனால்தான் எனக்கு இவ்வளவு யோசனை.

டிக்கட் விசாரித்த இடத்தில் டுபாய் வழியாக ஒன்று, லண்டன் வழியாக ஒன்று என்று இரண்டு வழி சொன்னார்கள். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. எது சுற்று குறைந்தது என்று பார்க்கலாம் என நானே தூரத்தைத் தேடினேன். ஓரிடத்தில் 13,995 என்று இருக்கிறது. இன்னோரிடத்தில் 8,696. மூன்றாவது இடத்தில் 7,557. மூன்றுமே கொழும்பு – டொரன்டோ தூரம்தானாம். கொழும்பு – லண்டன் என்று போட்டுப் பார்த்தால் 8,715 வருகிறது. இதைப் பார்த்துவிட்டு தம்பி, "லண்டனும் டொரன்டோவும் ஒரே தூரம்தான், இருபது கூட வித்தியாசமில்லை" என்கிறான். லண்டனுக்கு அப்புறம் அட்லாண்டிக் கடலையே தாண்ட வேண்டுமே, அது எப்படி ஒரே தூரமாகும்?

அம்மா கேட்பது வேறு கேள்வி. "எந்தப் பக்கமாகப் போகும், எந்தெந்த ஊருக்கு மேலாகப் போகும்?" என்று தினமும் கேட்கிறார். தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

மஸ்கெலியா பையன், இப்போது டுபாய்:

அக்கா, முதலில் தம்பியின் கணக்கை முடித்துவிடுவோம். 13,995 என்பது கிலோமீட்டர். 8,696 என்பது மைல். 7,557 என்பது கடல் மைல், விமானக்காரர்கள் பாவிப்பது. மூன்றும் ஒரே தூரம்தான். லண்டனுக்கு நீங்கள் பார்த்த 8,715 கிலோமீட்டர். மைலையும் கிலோமீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால் ஒன்றுபோலத் தெரிகிறது. டொரன்டோ, லண்டனைவிட 5,000 கிலோமீட்டருக்கு மேல் கூடுதல் தூரம்.

அப்புறம் அம்மாவின் கால். டிக்கட் போடும்போதே சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அதற்குத் தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை. டுபாய் விமான நிலையம் நடந்து முடியாத பெரிசு. ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குப் போக உள்ளேயே ரயில் ஓடுகிறது. முழங்கால் நோவு உள்ளவர் தனியாக அதைக் கண்டுபிடித்து நடப்பது லேசான வேலை இல்லை. நாற்காலி கேட்டிருந்தால் விமானத்தின் வாசலுக்கே ஆள் வந்து கூட்டிக்கொண்டு போய் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். வயசான நம்ம ஆட்கள் நிறையப் பேர் இங்கே அப்படித்தான் மாறுகிறார்கள், நான் கண்ணால் பார்க்கிறேன். கேட்க வெட்கப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

கட்டுநாயக்க – டுபாய் நாலரை மணி நேரம் போல. டுபாய் – டொரன்டோ பதினாலு மணி நேரம் போல. லண்டன் வழியைப் பற்றி எனக்கு அனுபவம் இல்லை. ஆனால் லண்டனில் விமானம் மாற நம்ம பாஸ்போட்டுக்கு இடைவிசா வேண்டுமா, கனடா விசா இருந்தால் போதுமா என்பதை டிக்கட்டுக்குப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பொகவந்தலாவை வாத்தியார் (ஓய்வு):

மகள், உங்கள் அம்மாவின் கேள்விதான் எனக்குப் பிடித்தது. எந்தப் பக்கமாகப் போகும் என்று தெரிந்தால்தான் தூரம் ஏன் அவ்வளவு என்பதும் விளங்கும். தோட்டப் பாடசாலையில் புவியியல் படிப்பித்தவன் நான். இந்த ஒரு பாடத்துக்காகவே உலக உருண்டையையும் நூற்கண்டையும் வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போவேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாக வாசித்துக் காட்டுங்கள்.

வகுப்பில் சுவர்ப்படத்தைக் காட்டி, "கொழும்பிலிருந்து டொரன்டோவுக்குக் கோடு போடு" என்றால் எல்லாப் பிள்ளைகளும் அடிமட்டத்தை வைத்து மேற்கே இழுப்பார்கள். அரபிக்கடல், செங்கடல், சஹாரா பாலைவனம், அட்லாண்டிக், அப்புறம் கனடா. பார்க்க நேர்கோடுதான். ஆனால் அந்த வழியே பறந்தால் ஏறக்குறைய 16,100 கிலோமீட்டர். நீங்கள் கண்ட 13,995 ஐவிட 2,000 கிலோமீட்டருக்கு மேல் சுற்று. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்ததால் வந்த வினை இது. நாம் சுவரில் மாட்டும் படம் பெரும்பாலும் 1569 இல் மேர்கேட்டர் வரைந்த முறையைச் சேர்ந்தது. திசைகாட்டியை ஒரே கோணத்தில் பிடித்துக் கப்பலோட்டும் மாலுமிக்கு அது மிக உதவியான படம். ஆனால் வடக்கே போகப் போக எல்லாவற்றையும் இழுத்துப் பெரிதாக்கிவிடும். கிரீன்லாந்து ஆபிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆபிரிக்கா அதைப் போலப் பதினான்கு மடங்கு பெரியது.

இனி உருண்டையில் நூலைப் பிடியுங்கள். ஒரு நுனி கட்டுநாயக்கவில், மறுநுனி டொரன்டோவில். தளர்வில்லாமல் இழுத்தால் நூல் மேற்கே போகாது. வடக்கே ஏறும்! அதுதான் மிகக் குறுகிய வழி, பெருவட்டப் பாதை என்பார்கள். வகுப்பில் நூல் அப்படி ஏறுவதைக் காணும்போது பிள்ளைகள் எழுந்து மேசையைச் சுற்றி வந்து பார்ப்பார்கள். எத்தனை வருடம் படிப்பித்தாலும் அந்த இடத்தில் எனக்குச் சலித்ததே இல்லை.

அந்த நூல் எந்தெந்த ஊரைத் தொடுகிறது என்று பல வருடங்களுக்கு முன் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கட்டுநாயக்கவை விட்டுக் கடலைத் தாண்டியதும் நூல் முதலில் தொடுவது பாம்பன், மண்டபம் பகுதி. அடுத்து புதுக்கோட்டை. அடுத்து திருச்சி. அப்புறம் தருமபுரியை ஒட்டிக்கொண்டு மேலே போகிறது.

மலையகத்தில் இருக்கும் நமக்கு இந்தப் பெயர்களை நான் விளக்கத் தேவையில்லை. நம் பாட்டன் பூட்டன்மார் எங்கிருந்து வந்தார்கள் என்று எந்த லயத்தில் (தோட்ட வரிசை வீடுகளில்) கேட்டாலும் புதுக்கோட்டை, திருச்சி, சேலம், மதுரை என்றுதான் பதில் வரும். கோப்பிக் காலத்தில் அங்கிருந்து கடற்கரைக்கு நடந்து, படகில் மன்னார்க் கரைக்கு வந்து, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலேயே செத்து விழுந்தவர்கள் எத்தனை பேர். 1914 இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயிலில் தனுஷ்கோடி வரை வந்து, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். தோட்டத்துக்கு வந்தவர்களை மண்டபம் கேம்பில் தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்பினார்கள். என் அப்பாயி சின்னப் பிள்ளையாக அந்தக் கேம்பில் இருந்ததைச் சொல்லியிருக்கிறார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதே வருடம் அக்டோபரில்தான் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அதன்படி திருப்பி அனுப்பப்பட்ட நம் சனங்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் போய் இறங்கினார்கள். போனதும் வந்ததும் அந்த ஒரு மூலையால்தான். டொரன்டோவுக்குக் குறுக்குவழி போட்டால் அதுவும் அந்த மூலையைத்தான் தொடுகிறது. இதைக் கணக்கில் கண்ட நாளிலிருந்து யாராவது கனடா போகிறார்கள் என்றால் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

திருச்சிக்கு அப்பால் நூல் மகாராஷ்டிரம், பாகிஸ்தான் வழியாகக் காபூலைத் தொடுகிறது. சமர்கந்துக்குப் பக்கம், கசகஸ்தான், ரஷ்யா, நோர்வேயின் வடகோடியில் டிரோம்சோ நகரத்துக்குச் சற்று வடக்கு. உச்சியில் ஏறக்குறைய 72 பாகை வட அகலக்கோடு. ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே, யான் மாயன் என்ற எரிமலைத் தீவின் பக்கம். பிறகு கிரீன்லாந்தின் பனியைக் குறுக்கே வெட்டி, கியூபெக் வழியாகக் கீழே இறங்கி டொரன்டோ. 7 பாகையில் புறப்பட்டு 44 பாகைக்குப் போக வேண்டியவர் 72 வரை ஏறி இறங்குகிறார்.

ஆனால் கட்டுநாயக்கவிலிருந்து டொரன்டோவுக்கு நேர் விமானம் கிடையாது. அவ்வளவு தூரம் பறக்க விமானம் இல்லை என்பதல்ல காரணம். பேர்த் – லண்டன் 14,500 கிலோமீட்டரை 2018 முதல் நிற்காமல் பறக்கிறார்கள். சிங்கப்பூர் – நியூயோர்க் 15,300. அந்தத் தூரத்துக்கு எரிபொருளைச் சுமப்பதற்கே நிறைய எரிபொருள் செலவாகும், அதற்கேற்ற கட்டணம் கொடுத்து இருக்கைகளை நிரப்ப ஆள் வேண்டும். கொழும்பில் அது கட்டுப்படியாகாது. அதனால் எங்காவது இறங்கி ஏறித்தான் ஆக வேண்டும்.

இறங்கி ஏறுவதால் எவ்வளவு சுற்று? கட்டுநாயக்க – டுபாய் 3,290, டுபாய் – டொரன்டோ 11,080. சேர்த்தால் 14,370. கட்டுநாயக்க – லண்டன் 8,715, லண்டன் – டொரன்டோ 5,710. சேர்த்தால் 14,425. நேர்வழியைவிட டுபாய் வழி 375 கிலோமீட்டரும் லண்டன் வழி 430 கிலோமீட்டரும்தான் கூட. பதினாலாயிரத்தில் இது ஒன்றுமே இல்லை. படத்தில் பார்த்தால் டுபாயும் லண்டனும் அடிமட்டக் கோட்டுக்கு வடக்கே ஒதுங்கித் தெரியும், உருண்டையில் இரண்டின் வழியே போனாலும் சுற்று அதிகம் இல்லை.

ஆகவே சுற்று எது குறைவு என்று பார்த்துத் தெரிவு செய்ய வேண்டாம் மகள். அம்மாவின் முழங்காலைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். டுபாய் வழியில் நாலரையும் பதினாலும். லண்டன் வழியில் பதினொன்றும் எட்டும். பதினாலு மணி நேரம் ஒரே இருக்கையில் மடக்கிய காலோடு இருப்பது அவருக்கு ஏலுமா என்பதுதான் கேள்வி. என் அபிப்பிராயம் லண்டன். மஸ்கெலியாத் தம்பி சொன்ன விசா விசயம் சரியாக வந்தால் மட்டும்.

உங்கள் தம்பிக்கு இன்னும் ஒன்று. இரண்டு இடத்தில் கிலோமீட்டர் கணக்கே இருபது முப்பது மாறி வந்தாலும் குழம்ப வேண்டாம். பூமி முழு உருண்டை அல்ல, துருவப் பக்கம் தட்டை. நடுக்கோட்டில் குறுக்களவு 12,756 கிலோமீட்டர், துருவத்துக்குத் துருவம் 12,714. சிலர் அதைச் சேர்த்துக் கணக்கிடுவார்கள், சிலர் உருண்டை என்றே வைத்துக்கொள்வார்கள்.

ஹப்புத்தளை மூடுபனி:

வாத்தியார் சேர் எழுதியதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். உருண்டையையும் எடுத்து நூல் பிடித்தோம். புதுக்கோட்டையைத் தொட்டதும் எங்கள் மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.

நேரத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். தூரம் போக வர ஒன்றுதான், மணி நேரம் ஒன்றல்ல. விமானம் பறக்கும் பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில், நம் வடக்கே உள்ள நாடுகளுக்கு மேல் மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று ஓடுகிறது. மணிக்கு 150, 200 கிலோமீட்டர் வேகமும் சாதாரணம். போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. அதனால் அம்மா திரும்பி வரும் பயணம் குறுகியதாக இருக்கும். விமானி அன்றன்றைய காற்றைப் பார்த்துத்தான் வழியைப் போடுகிறார். சண்டை நடக்கும் நாடுகளின் வானத்தையும் மூடப்பட்ட வானத்தையும் விலக்கிச் சுற்றுவார்கள். ஆகவே தூரத்தை டிக்கட்டில் இருக்கும் மணிக்கணக்கால் வகுத்துப் பார்த்து மலைக்க வேண்டாம்.

தூரத்தைப் பற்றிப் பேசும்போது கொக்கலையை விட்டுவிட்டோமே சேர்? 1942 இல் ஜப்பான் சிங்கப்பூரைப் பிடித்ததும் அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த வான்வழி அறுந்துபோனது. 1943 இலிருந்து பேர்த்துக்கும் காலிக்குப் பக்கத்துக் கொக்கலை ஏரிக்கும் இடையே கட்டலினா என்ற நீர்விமானங்களை அவுஸ்திரேலிய விமான நிறுவனமான குவான்டாஸ் ஓட்டியது. 5,600 கிலோமீட்டர், நிற்காமல் 27 முதல் 33 மணி நேரம். வழி முழுக்க எதிரி இருக்கக்கூடிய கடல், ரேடியோ பேசக் கூடாது, நட்சத்திரத்தைப் பார்த்து வழி கண்டுபிடித்தார்கள். அதிகம் போனால் மூன்று பயணிகள். ஒரே பறப்பில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்தார்கள். அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள், பதினொரு மணி நேரம் சின்னதாகத் தெரியும்.

நோர்வூட் மலர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. தம்பி மைலையும் கிலோமீட்டரையும் தானே பெருக்கிப் பார்த்து ஒப்புக்கொண்டான்.

வாத்தியார் சேர், நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்தேன். அம்மாவின் தாத்தா ஊர் கீரனூர். புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் நடுவில் இருக்கிறதாம், அம்மா பார்த்ததே இல்லை. "அந்தக் கோடு கீரனூர் மேலாகப் போகுமா, நான் போகிற பிளேன் அந்தப் பக்கம் போகுமா?" என்று கேட்கிறார். விமானம் மேலே போகும்போது கீழே பார்க்க வேண்டுமாம். ஜன்னல் பக்க இருக்கைதான் வேண்டும் என்கிறார். எனக்கோ, அடிக்கடி எழும்பி நடக்க வசதியாக நடைபாதைப் பக்கம் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. என்ன செய்வது?

பொகவந்தலாவை வாத்தியார் (ஓய்வு):

மகள், கீரனூர் அந்தக் கோட்டிலேயே இருக்கிறது. நான்கைந்து கிலோமீட்டர் கூட விலகாது. இப்போதுதான் மறுபடியும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஆனால் அம்மா போகும் விமானம் அந்தக் கோட்டில் போகாது. நேரே டொரன்டோ போனால்தான் அந்தக் கோடு. லண்டனுக்கான கோடு இன்னும் மேற்கே சாய்ந்து, கொடைக்கானல் மலைப் பக்கமாகப் போகும். டுபாய்க் கோடு தூத்துக்குடிப் பக்கம். உண்மையில் பறக்கும் வழி இவற்றிலிருந்து கொஞ்சம் விலகவும் கூடும். லண்டன் விமானத்தில் வலப்பக்க ஜன்னலில் இருந்தால் கீரனூர் இருக்கும் பக்கமாகப் பார்க்கலாம், ஊரைக் காண முடியாது, நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். இதை அம்மாவிடம் உள்ளபடியே சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டு மண்ணைக் காணலாம், பகலும் வானம் வெளிப்புமாக இருந்தால்.

இருக்கைக்கு ஒரு வழி இருக்கிறது. டிக்கட் இரண்டு துண்டு அல்லவா? கட்டுநாயக்கவிலிருந்து போகும் துண்டுக்கு வலப்பக்க ஜன்னல் கேளுங்கள். லண்டனிலிருந்து டொரன்டோ போகும் துண்டுக்கு நடைபாதைப் பக்கம் கேளுங்கள். முதல் துண்டில் பக்கத்தில் இருப்பவரிடம், எழும்பி நடக்க வேண்டியிருக்கும் என்று ஆரம்பத்திலேயே சொல்லி வைத்தால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

மஸ்கெலியா பையன், இப்போது டுபாய்:

சேர் சொன்னதுபோல இரண்டு துண்டுக்கும் தனித்தனியாக இருக்கை போடலாம் அக்கா. சக்கர நாற்காலியும் இரண்டு துண்டிலும் பதிவாகியிருக்கிறதா என்று டிக்கட் கையில் வந்ததும் பாருங்கள். முதல் துண்டுக்கு மட்டும் போட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். அம்மாவின் மருந்தும் மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் போட வேண்டாம்.

நோர்வூட்டிலிருந்து கட்டுநாயக்க போகும் நேரத்தையும் குறைத்து நினைக்காதீர்கள். ஹட்டனிலிருந்து நேராகக் கோடு போட்டால் 85 கிலோமீட்டர்தான், பிளேனுக்குச் சில நிமிடம். வேனில் கினிகத்தேன, கித்துல்கல, அவிசாவளை என்று இறங்கிப் போக நாலு ஐந்து மணி நேரம் ஆகும், மழையில் மண்சரிவு என்றால் கூட ஆகும். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே அங்கே நிற்க வேண்டும்.

நோர்வூட் மலர்:

சரி, லண்டன் வழியே எடுக்கிறோம். விசா விசயத்தை அக்கா அங்கிருந்து விசாரித்துக்கொண்டிருக்கிறாள், எழுத்தில் பதில் வந்த பிறகுதான் பணம் கட்டுவோம். வேன் முந்திய இரவே புறப்படும். வலப்பக்க ஜன்னல் கேட்டாயிற்று.